எல்ஜின் பெய்லர்: இருபத்திரண்டு வருட நாற்காலி

கூடைப்பந்து ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களுக்கும் மைக்கேல் ஜோர்டன் பெயர் தெரியும். பந்தோடு எம்பி, காற்றில் இருக்கும்போதே மனதை மாற்றிக்கொண்டு, பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, தடுக்க வந்தவர்கள் தரைக்கு இறங்கிய பிறகு சாவகாசமாகக் கூடைக்குள் போடுவார். அந்த ஆட்டத்தை ஜோர்டனுக்குப் பல வருடங்கள் முன்பே ஆடிக்காட்டியது யார் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் எல்ஜின் பெய்லரைக் கைகாட்டுவார்கள். பெய்லர் வருவதற்கு முன்பு கூடைப்பந்து பெரும்பாலும் தரையில் ஆடப்பட்ட ஆட்டம்.

பெய்லருக்கு இரண்டு வாழ்க்கைகள். முதலாவது 1958 முதல் 1971 வரை, லேக்கர்ஸ் அணியின் ஆட்டக்காரராக. இரண்டாவது 1986 முதல் 2008 வரை, லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணியின் நிர்வாகியாக. முதல் வாழ்க்கை அவரைக் கூடைப்பந்தின் மேதைகள் வரிசையில் உட்காரவைத்தது. இரண்டாவது வாழ்க்கை இரவுநேரத் தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர்களுக்குத் தீனியானது. ஒரே மனிதர்தான். ஆட்டத்தை இவ்வளவு அறிந்தவர் ஓர் அணியை உருவாக்குவதில் எப்படித் தோற்றார்? அல்லது, தோற்றது அவர்தானா?

கடிகாரத்தின் பெயர்

1934 செப்டம்பர் 16 அன்று வாஷிங்டன் நகரத்தில் பிறந்தார். குழந்தை பிறந்த நேரத்தைப் பார்த்த அப்பா, கடிகாரத்தில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரையே மகனுக்கு வைத்துவிட்டார். எல்ஜின் என்பது அந்நாளைய புகழ்பெற்ற அமெரிக்கக் கடிகாரக் கம்பெனி.

நாட்டின் தலைநகரம்தான், ஆனாலும் பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் நிறப்பிரிவினை இருந்த காலம். வீட்டுப் பக்கத்தில் கூடைப்பந்துத் திடல் இருந்தும் கறுப்பினப் பிள்ளைகள் உள்ளே போக முடியாது. பெய்லர் ஒழுங்காகப் பந்தைத் தொட்டதே பதினான்கு வயது வாக்கில்தான். சில வருடங்களில் நகரமே பேசும் பள்ளி ஆட்டக்காரர் ஆனார். ஆனால் பெரிய கல்லூரிகள் எதுவும் கூப்பிடவில்லை. நாட்டின் மறு கோடியில் இருந்த ஐடஹோ கல்லூரிக்குப் போனார். அதுவும் அமெரிக்கக் கால்பந்து ஆடுவதற்கான உதவித்தொகையில். அங்கிருந்து சியாட்டில் பல்கலைக்கழகம். 1958-ல் அந்தச் சிறிய பல்கலைக்கழகத்தை தேசிய இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். கெண்டக்கியிடம் தோல்வி. தோற்ற அணியில் இருந்தும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இவர் கதையில் இது திரும்பத் திரும்ப வரும்.

அப்போது லேக்கர்ஸ் மினியாபோலிஸ் நகரத்து அணி. முந்தைய சீசனில் 19 வெற்றி, 53 தோல்வி. உரிமையாளர் பாப் ஷார்ட் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தார். புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக பெய்லரை எடுத்து, வருடத்துக்கு 20,000 டாலர் சம்பளம் பேசினார். இந்த டிராஃப்ட் நம்ம ஐ.பி.எல். ஏலம் மாதிரி கிடையாது. கடைசி வரிசையில் நிற்கும் அணிகளுக்கு முதல் வாய்ப்பு; எடுக்கப்பட்ட ஆட்டக்காரருக்கு 'எனக்கு அந்த ஊர் வேண்டாம்' என்று சொல்ல வழியில்லை. பெய்லர் வந்த முதல் வருடமே அணி இறுதித் தொடருக்குப் போனது. அவன் வந்திருக்காவிட்டால் நான் திவாலாகியிருப்பேன் என்ற பொருளில் ஷார்ட் பிற்பாடு பேசியிருக்கிறார்.

சார்ல்ஸ்டன்

1959 ஜனவரி 16. மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் நகரில் லேக்கர்ஸுக்கும் சின்சினாட்டிக்கும் ஆட்டம். அறை பதிவு செய்திருந்த ஓட்டலில், அணியில் இருந்த மூன்று கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மொத்த அணியும் வெளியேறி, கறுப்பினத்தவர் நடத்திய ஒரு விடுதியில் தங்கியது. சாப்பாட்டுக் கடைகளிலும் அதே கதை.

அன்றைக்கு இரவு பெய்லர் ஆட மறுத்துவிட்டார். சட்டை மாற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சக ஆட்டக்காரரான ராட் ஹண்ட்லிக்கு அது சொந்த ஊர், ஆடும்படி கேட்டுப்பார்த்தார். கூண்டில் அடைத்துவைத்து வேடிக்கை காட்டும் நேரத்தில் மட்டும் திறந்துவிட நான் மிருகமில்லை என்பதுதான் பெய்லரின் பதில். ஹண்ட்லி அதற்குமேல் வற்புறுத்தவில்லை. லேக்கர்ஸ் நாலு புள்ளியில் தோற்றது.

அப்போது பெய்லருக்கு வயது 24. வேலைக்கு வந்து மூன்று மாதம். ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழுந்திருக்க மறுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கிரீன்ஸ்பரோ மாணவர்கள் உணவக மேசையில் உட்கார இன்னும் ஒரு வருடம் இருந்தது. விளையாட்டு வீரர்கள் அரசியல் பேசினால் மதிப்புக் கூடும் காலமில்லை அது. வேலை போகும் காலம்.

அந்த சார்ல்ஸ்டனிலிருந்து கனாவா ஆற்றை ஒட்டிச் சில மைல் போனால் செலியன் என்ற சிற்றூர் வரும். நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அங்கே பிறந்த ஜெர்ரி வெஸ்ட் அந்த நேரத்தில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தார். மறு வருடம், 1960-ல், லேக்கர்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. அணியும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த பதினொரு வருடம் இவர்கள் இருவரும்தான் லேக்கர்ஸ்.

எட்டு முறை

பெய்லரின் எண்களைக் கொஞ்சம் பார்ப்போம். 1960 நவம்பரில் நியூயார்க்குக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 71 புள்ளி. 1961-62 சீசனில் ராணுவ ரிசர்வ் பணிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வாரம் முழுக்க ஃபோர்ட் லூயிஸ் முகாமில் வேலை. விடுப்பு கிடைக்கும் வாரக்கடைசிகளில் விமானம் பிடித்து வந்து ஆடிவிட்டுத் திரும்புவார். பயிற்சி கிடையாது. அப்படி ஆடிய 48 ஆட்டங்களில் சராசரி 38.3 புள்ளி! அந்த வருட இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், பாஸ்டன் மண்ணில், பில் ரஸ்ஸல் காவல் நின்ற கூடையில் 61 புள்ளி போட்டார். இறுதித் தொடரில் இன்றுவரை அந்தச் சாதனையை யாரும் தாண்டவில்லை. ஜோர்டனாலும் முடியவில்லை.

அந்தத் தொடரின் ஏழாவது ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, கடைசி நொடிகளில் ஃப்ராங்க் செல்வி எறிந்த பந்து கூடையின் விளிம்பில் பட்டு வெளியே வந்தது. கூடுதல் நேரத்தில் பாஸ்டன் வென்றது. விளிம்பு ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் பெய்லர் சாம்பியன். 1959, 62, 63, 65, 66, 68, 69, 70 என்று அவர் காலத்தில் அணி எட்டு முறை இறுதித் தொடருக்குப் போனது. எட்டிலும் தோல்வி. அவற்றில் ஏழு பாஸ்டனிடம்.

1964 ஜனவரியில் பாஸ்டனில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும். ஓய்வூதியத் திட்டம் வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் வருடக்கணக்கில் கேட்டு அலுத்திருந்தார்கள். தேசியத் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு தொடங்க வேண்டிய நேரத்தில், உடை மாற்றும் அறையின் கதவை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார்கள். லேக்கர்ஸ் உரிமையாளர் ஷார்ட், தன் ஆட்கள் பெய்லரும் வெஸ்டும் உடனே வெளியே வர வேண்டும் என்று ஆள் அனுப்பினார். பெய்லர் சொல்லி அனுப்பிய பதில் அச்சில் ஏற்றத்தக்கதல்ல. லீக் தலைவர் வாக்குக் கொடுத்த பிறகே ஆட்டம் தொடங்கியது. இன்று என்.பி.ஏ. ஆட்டக்காரர்கள் கோடிகளில் புரளுவதற்கு அடித்தளம் போட்ட இரவுகளில் அதுவும் ஒன்று.

1965-ல் முழங்கால் உடைந்தது. அதற்குப் பிறகும் ஆடினார், நன்றாகவே ஆடினார். ஆனால் பழைய எம்பல் இல்லை. 1971 நவம்பர் தொடக்கத்தில், சீசனின் ஒன்பது ஆட்டங்கள் முடிந்த நிலையில், ஓய்வை அறிவித்தார். அவர் இல்லாமல் ஆடிய அடுத்த ஆட்டத்தில் லேக்கர்ஸ் வென்றது. அதற்கடுத்ததிலும் வென்றது. அப்படியே 33 ஆட்டங்கள் தொடர்ந்து வென்று, சீசன் முடிவில் கோப்பையையும் தூக்கியது. வெஸ்டுக்கு அது கிடைத்த ஒரே சாம்பியன் பட்டம். பெய்லருக்கு மரியாதைக்காக ஒரு மோதிரம் கொடுத்தார்கள். அது கையில் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

முதலாளிகள்

ஆட்டம் முடிந்தபின் இருவரும் பயிற்சியாளர்கள் ஆனார்கள். வெஸ்ட் லேக்கர்ஸில், பெய்லர் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணியில். இருவருக்கும் அந்த வேலை ஒட்டவில்லை. 1982-ல் வெஸ்ட் லேக்கர்ஸின் ஜெனரல் மேனேஜர் ஆனார். 1986-ல் பெய்லர் கிளிப்பர்ஸில் அதே மாதிரிப் பொறுப்புக்கு வந்தார். ஒரே ஊர், ஒரே லீக், ஒரே தொழில். ஒரு காலத்தில் ஒரே பக்கம் ஆடிய இருவர், இப்போது எதிரெதிர் அலுவலகங்களில். இதைவிடச் சுத்தமான சோதனையை வரலாறு அமைத்துக்கொடுக்காது.

வித்தியாசம் முதலாளியில் இருந்தது. லேக்கர்ஸை 1979-ல் வாங்கிய ஜெர்ரி பஸ், கிளிப்பர்ஸை 1981-ல் 1.25 கோடி டாலருக்கு வாங்கிய டொனால்ட் ஸ்டெர்லிங் இருவருமே லாஸ் ஏஞ்சலஸ் ரியல் எஸ்டேட்காரர்கள், நண்பர்கள். பஸ் லேக்கர்ஸை வாங்கப் பணம் திரட்டியபோது அவருடைய அடுக்குமாடிக் கட்டடங்கள் சிலவற்றை வாங்கிக்கொண்டவரே ஸ்டெர்லிங்தான். ஆனால் பஸ் அணியை நாடகக் கொட்டகையாகப் பார்த்தார். செலவு செய்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் பணம் வரும். ஸ்டெர்லிங் அணியை வாடகைக் கட்டடமாகப் பார்த்தார். கையைக் கடிக்காமல் வைத்திரு, மதிப்பு தானாக ஏறும். லீக்கின் தொலைக்காட்சி வருமானம் எல்லா அணிகளுக்கும் பங்கு பிரிவதால், தோற்றாலும் நஷ்டமில்லை. தோற்பது ஒரு வியாபாரத் திட்டமாகவே செல்லுபடியாகும் என்பதைக் கண்டுபிடித்தவர் ஸ்டெர்லிங்.

நம்பமாட்டீர்கள், கிளிப்பர்ஸுக்கென்று சொந்தப் பயிற்சிக்கூடம் 2008 வரை கிடையாது. கல்லூரி உடற்பயிற்சிக்கூடம் மாதிரி கிடைத்த இடத்தில் பயிற்சி. 1999 வரை அவர்கள் ஆடியது பழைய ஸ்போர்ட்ஸ் அரீனாவில். 1960-ல் லேக்கர்ஸ் ஊருக்கு வந்த புதிதில் பெய்லர் ஆடிய அதே அரங்கம்! லேக்கர்ஸ் அதை 1967-லேயே விட்டுவிட்டுப் போயிருந்தது.

பெய்லர் எடுத்த ஆட்களைப் பாருங்கள். 1988-ல் முதல் தேர்வு டேனி மேனிங். யாராயிருந்தாலும் அவரைத்தான் எடுத்திருப்பார்கள். சில மாதங்களில் முழங்கால் போனது. குணமாகி நட்சத்திரமானவர், இந்த அணியில் தொடர விரும்பாததால் 1994-ல் கைமாறிப் போனார். 1989-ல் இரண்டாவது தேர்வாக எடுத்த டேனி ஃபெர்ரி, கிளிப்பர்ஸில் ஆடுவதைவிட இத்தாலிக்குப் போய்விடுகிறேன் என்று கிளம்பிவிட்டார். 1999-ல் எடுத்த லமார் ஓடமுக்கு 2003-ல் மயாமி பெரிய விலை சொன்னபோது ஸ்டெர்லிங் பர்ஸைத் திறக்கவில்லை. வளர்ந்த பயிரை வேறு ஆள் அறுத்துக்கொண்டு போனான்.

எல்லாப் பழியையும் முதலாளி தலையில் கட்டிவிட முடியாது. 1998-ல் முதல் தேர்வாக பெய்லர் எடுத்தது மைக்கேல் ஓலோவோகாண்டியை. டர்க் நவிட்ஸ்கி, பால் பியர்ஸ், வின்ஸ் கார்ட்டர் எல்லாம் அப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். அந்தத் தேர்வு லீக் வரலாற்றின் பெரிய சறுக்கல்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. 1996-ல் பதினேழு வயது கோபி பிரையன்ட் கிளிப்பர்ஸ் முன்னால் ஆடிக்காட்டிவிட்டுப் போனார். ஏழாவது தேர்வு கையில் இருந்தும் அவரை எடுக்கவில்லை. அதே பையனை வெஸ்ட் பார்த்தார். பதிமூன்றாவது தேர்வு வைத்திருந்த ஷார்லட் அணியிடம் தன் முக்கிய ஆட்டக்காரர் விளாடே டிவாச்சைக் கொடுத்து கோபியை வாங்கினார். அதே கோடையில் ஷகில் ஓ'நீலை ஏழு வருடத்துக்குச் சுமார் 12 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தார்.

வெஸ்டின் கண் கூர்மையானது, சந்தேகமே இல்லை. ஆனால் டிவாச்சை விட்டுக்கொடுத்துப் பள்ளிப் பையனை வாங்கலாம் என்று நினைக்கும் துணிச்சல், பின்னால் 12 கோடி கொடுக்கும் முதலாளி நிற்கிறார் என்று தெரிந்தவனுக்குத்தான் வரும். பணமில்லாத வீட்டில் சமைக்கிறவளிடம் போய் விருந்துச் சமையல்காரரின் பக்குவம் இல்லையே என்று குறை சொல்கிற கதைதான் இது.

22 சீசன்களில் வெற்றிகள் தோல்விகளை மிஞ்சியவை இரண்டே இரண்டு. 1991-92, 2005-06. இரண்டாவதில் எல்டன் பிராண்ட் தலைமையில் 47 ஆட்டம் வென்றார்கள். பிளே-ஆஃபில் டென்வரை வீழ்த்தினார்கள். 2003-ல் மயாமி பிராண்டுக்குச் சொன்ன 8 கோடிக்கு மேற்பட்ட தொகையை ஸ்டெர்லிங் அபூர்வமாகச் சரிக்கட்டியிருந்தார். அதன் பலன் இது. லீக் அந்த வருடத்தின் சிறந்த நிர்வாகி விருதை பெய்லருக்குக் கொடுத்தது. பர்ஸ் ஒரு தடவை திறந்தபோது என்ன நடந்தது என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஏன் போகவில்லை?

என்னை உறுத்துகிற கேள்வி இதுதான். சார்ல்ஸ்டனில் 24 வயதில் ஆட மறுத்தவர், பாஸ்டனில் முதலாளியின் ஆளைத் திட்டி அனுப்பியவர், ஸ்டெர்லிங்கிடம் ஏன் 22 வருடம் இருந்தார்?

பதிலின் ஒரு பகுதி காலத்தில் இருக்கிறது. என்.பி.ஏ.வில் கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முதலில் ஜெனரல் மேனேஜர் ஆனது 1972-ல். மில்வாக்கி அணியில் வெய்ன் எம்ப்ரி. 1986-ல்கூட அப்படிப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். பெய்லர் பொறுப்பேற்ற மறு வருடம், 1987 ஏப்ரலில், அதே லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் நிர்வாகி அல் கம்பானிஸ் தேசியத் தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டு, அணியை நிர்வகிப்பதற்கு வேண்டிய சரக்கு கறுப்பினத்தவரிடம் இல்லாமலிருக்கலாம் என்று பேசினார். வேலை போனது. ஆனால் அவர் வாய்விட்டுச் சொன்னதை, சொல்லாமல் நம்பியவர்கள் எத்தனை பேர்? அந்தச் சூழலில் ஒரு நாற்காலி கிடைத்தால் அதை விட்டு எழுந்திருப்பது சுலபமில்லை. ஆட்டத்தில் மறுத்தால் ஒரு இரவு போகும். நிர்வாகத்தில் மறுத்தால் கதவு மூடும், தனக்கு மட்டுமில்லாமல் பின்னால் வருகிறவர்களுக்கும்.

இன்னொரு பகுதி மனித சுபாவம். அடுத்த டிராஃப்டில் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. எட்டு முறை இறுதித் தொடரில் தோற்றும் ஒன்பதாவதற்குத் தயாராக இருந்தவருக்கு அந்த நம்பிக்கை புதிதல்ல. இதைப் பொறுமை என்பதா, பழக்கம் என்பதா, எனக்குத் தெரியவில்லை.

2008 அக்டோபரில் நாற்காலி போனது. பயிற்சியாளர் மைக் டன்லீவி அந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். 2009 பிப்ரவரியில் பெய்லர் வழக்குப் போட்டார். வயதையும் நிறத்தையும் வைத்துப் பாரபட்சம் காட்டி வெளியேற்றினார்கள் என்பது புகார். 2003 முதல் தன் சம்பளம் வருடத்துக்கு 3.5 லட்சம் டாலரிலேயே நிறுத்தப்பட்டதாகச் சொன்னார். ஏழைக் கறுப்பினப் பையன்களை வைத்து வெள்ளைக்காரப் பயிற்சியாளர் நடத்தும் தென்மாநிலப் பண்ணை மாதிரியான அணியைத்தான் ஸ்டெர்லிங் விரும்பினார் என்ற குற்றச்சாட்டும் வழக்கு மனுவில் இருந்தது. கிளிப்பர்ஸ் தரப்பு எல்லாவற்றையும் மறுத்தது. அவர் தானாகத்தான் போனார், அணியின் தோல்விக் கணக்கைப் பாருங்கள் என்றது.

விசாரணைக்கு முன்பே நிறப் பாரபட்சக் குற்றச்சாட்டை அவருடைய வழக்கறிஞர்கள் கைவிட்டார்கள். 2011 மார்ச்சில் ஜூரி ஏகமனதாக பெய்லருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அவருக்கு 76 வயது. பத்திரிகைகளில் பெரிதாக யாரும் அவருக்காக வருத்தப்படவில்லை. தோற்றுப்போன மேனேஜர், நீதிமன்றத்திலும் தோற்றார். அவ்வளவுதான்.

ஒலிநாடா

2014 ஏப்ரலில் ஸ்டெர்லிங் தன் தோழியிடம் பேசிய ஒலிப்பதிவு வெளியானது. கறுப்பினத்தவரோடு படம் எடுத்துப் போடாதே, அவர்களை என் ஆட்டங்களுக்குக் கூட்டிவராதே என்று அந்தக் குரல் சொன்னது. லீக் தலைவர் ஆடம் சில்வர் சில நாட்களிலேயே அவருக்கு வாழ்நாள் தடையும் 25 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார். அணி ஸ்டீவ் பால்மருக்கு விற்கப்பட்டது. விலை 200 கோடி டாலர்.

கணக்கைப் பாருங்கள். 1.25 கோடிக்கு வாங்கியது 200 கோடிக்குப் போனது. முதலாளியின் வாடகைக் கட்டடக் கணக்கு கடைசிவரை தப்பவில்லை. நியாயம் கிடைத்தது என்று எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் ஐந்து வருடம் முன்பு, அந்த அலுவலகத்துக்குள்ளேயே 22 வருடம் இருந்த ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டுச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வீடுகளை வாடகைக்கு விடுவதில் நிறப் பாரபட்சம் காட்டினார் என்று அமெரிக்க நீதித்துறையே ஸ்டெர்லிங் மேல் போட்ட வழக்கு, 27 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசமானதும் அதே 2009-ல்தான். அப்போதும் லீக் அசையவில்லை. வாக்குமூலத்துக்கு இல்லாத வலிமை ஒலிநாடாவுக்கு இருந்தது.

நீதிமன்றம் பெய்லரின் வழக்கைத் தள்ளியது சட்டப்படி தவறு என்று நான் சொல்லவில்லை. ஓலோவோகாண்டியைத் தேர்ந்தெடுத்தது ஸ்டெர்லிங்கின் நிறவெறி இல்லை. ஆனால் அணி தோற்றதற்கு அவர் ஒருவரே காரணம் என்று சிரித்த சிரிப்பு, அவர் உள்ளே கண்டதைச் சொன்னபோது அதைக் கேட்கவிடாமல் செய்தது. தோற்றவனின் சாட்சியம் எடுபடாது என்பது விளையாட்டு உலகத்தின் எழுதாத சட்டம். விளையாட்டு உலகத்தில் மட்டும்தானா?

பால்மர் வந்தபின் கிளிப்பர்ஸ் பணத்தைக் கொட்டத் தொடங்கியது. 2017-ல் ஆலோசகராக ஒருவரை வேலைக்கு எடுத்தார்கள். அவர் ஜெர்ரி வெஸ்ட். பெய்லருக்குக் கிடைக்காத முதலாளியிடம், பெய்லரின் பழைய அணியில், வெஸ்ட் 2024 ஜூனில் இறக்கும் வரை இருந்தார். பெய்லர் 2021 மார்ச் 22 அன்று இறந்திருந்தார். இருவருக்கும் இறக்கும்போது வயது 86.

லாஸ் ஏஞ்சலஸ் அரங்கத்து வாசலில் 2011-ல் வெஸ்டுக்குச் சிலை வைத்தார்கள். பெய்லருக்கு வைத்தது 2018-ல். இரண்டையும் வைத்தது லேக்கர்ஸ். பெய்லர் சிலை அவரை ஆட்டக்காரராகத்தான் காட்டுகிறது: ஒரு கையில் பந்து, கால்கள் தரையில் இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த 22 வருடங்களுக்குச் சிலை கிடையாது. அந்த வருடங்களுக்கு மிச்சமிருப்பது தள்ளுபடியான ஒரு வழக்கின் காகிதங்கள்தான். அவற்றை நிதானமாகப் படிப்பதற்கு 2014-க்குப் பிறகு நமக்கு இன்னும் கூடுதலான காரணம் இருக்கிறது.